இன்னும் கொஞ்சம் முன்னால வாங்க சார்

எங்கள் வீட்டில் சிக்னல் ஒருநாளும் ஒழுங்காகக் கிடைத்ததில்லை. உங்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும் மேடம். சுற்றிலும் புதிதாக எழுந்த உயரமான கட்டடங்கள், நடுவில் எங்களுடைய பழைய மூன்று மாடி. கூடத்தில் உட்கார்ந்தால் ஒரு கோடு வரும், போகும். சமையலறையில் அதுவும் கிடையாது. குளியலறை ஜன்னலருகே மட்டும் ஏனோ நன்றாகக் கிடைக்கும். அங்கே நின்றுகொண்டு யார் குடும்பக் கதை பேசுவது? செல்போன் கம்பெனியிலேயே வேலை பார்ப்பவன் வீட்டில் இந்த லட்சணம் என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவேன்.

நான் இருப்பது புகார் கொடுத்தவர்களைத் திரும்ப அழைக்கும் பிரிவில். சிக்னல் இல்லை, பேச்சு பாதியில் அறுந்துபோகிறது, பிளான் போட்டும் நெட் வரவில்லை என்று கோபமாகப் புகார் சொல்லியிருப்பார்கள். அடுத்த நாள் நான் கூப்பிடுவேன். "ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க சார். கொஞ்சம் ஜன்னல் பக்கம் வாங்க. இப்போ எப்படி இருக்கு?" பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். மீதிப் பேருக்குச் சரியானது போலத் தோன்றும். எங்கள் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். பேசி முடித்ததும் அவர்கள் போனுக்கு ஒரு செய்தி போகும், ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் கேட்டு. எனக்கு எப்போதும் ஐந்துதான். எங்கள் தளத்தின் சுவரில் என் படம் மாட்டியிருக்கிறது, நீங்கள் வந்தபோது பார்த்திருப்பீர்கள்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். முகம் தெரியாத ஒரு குரல் மரியாதையாகச் சொன்னால் மனிதர்கள் நடப்பார்கள். சொந்த வீட்டுக்குள்ளேயே, சொன்ன திசையில். ஒரு டாக்டரை நான் நாற்காலி மேல் ஏற்றி நிற்க வைத்திருக்கிறேன். ஊரையே அதட்டும் ஒரு ஒப்பந்தக்காரர் நான் சொன்னதற்காகத் தன் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குள் போய் நின்று, "இங்க சூப்பரா இருக்கு தம்பி" என்றார். பெற்ற பிள்ளை சொன்னால் யாரும் இப்படி நகர மாட்டார்கள்.

இப்போது என் மாமனார்.

பெரிய ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் ஃபோர்மேன்தான். காலமெல்லாம் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, காதும் கொஞ்சம் மந்தம். பட்டன் போன் வைத்திருந்தார். என் மனைவியின் அக்கா வெளிநாட்டில் இருக்கிறாள். அவளிடம் இவர் பேசும்போது, போனே இல்லாவிட்டாலும் அங்கே கேட்டிருக்கும்.

என் மனைவியின் மணிக்கட்டு முறிந்த சமயத்தில்தான் அவர் வந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். ஈரத்தில் பார்த்து நட என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். வந்த அன்றே அவர் குளியலறைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து தரையை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தார். ஆலைப் புத்தி. "தரை சொரசொரப்பாத்தான இருக்கு மாப்ள" என்றார். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போவதாக வந்தவர், அதற்குப் பிறகு போகிற பேச்சையே எடுக்கவில்லை.

கூடத்து சோபா அவருடையதாயிற்று. நான் வேலை முடிந்து கதவைத் திறந்தால், "வந்துட்டாரும்மா நம்ம கஸ்டமர் கேர், காபிக்கு ஒண்ணு அமுக்கணும், சாப்பாட்டுக்கு ரெண்டு அமுக்கணும்" என்பார். என் மகள் சிரிப்பாள். என் மனைவி சிரிக்க மாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்குப் போதும்.

பெரியவளிடம் போனில் பேசும்போது அவருடைய பெரிய மாப்பிள்ளைதான் உலகம். "அவர் குரல் ஒசத்திப் பேசி நீ கேட்டிருக்கியா? கேட்டிருக்க மாட்ட. இங்க ஒருத்தர் இருக்கார். வெளிய விட்டா வாயில விரல் வெச்சாலும் கடிக்கத் தெரியாது." நான் அதே கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். மெதுவாகச் சொல்வதாக அவர் நினைப்பு.

எங்கள் வீட்டில் குடும்ப பிளான். ஊழியர்களுக்குக் கம்பெனி தரும் சலுகை. மனைவியின் போன் என் பெயரில்தான் இருக்கிறது. அவள் எங்கே இருக்கிறாள், யாரிடம் எவ்வளவு நேரம் பேசினாள் என்பதெல்லாம் என் போனில் தெரியும். வேண்டாத எண்களை நிறுத்தியும் வைக்கலாம். பிளானிலேயே இருக்கும் வசதி அது. நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தொல்லை அழைப்புகள் பெண்களுக்குத்தான் அதிகம் வருகின்றன என்பதை வேலையில் தினமும் பார்க்கிறேன். அதனால் தேவையான எண்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நிறுத்தி வைத்திருந்தேன். அவளுடைய அக்காவின் எண்ணும் மற்றவற்றில்தான் வரும். அந்த அக்கா தங்கைக்கென்று ஒரு நல்ல ஸ்மார்ட்போன் அனுப்பியிருந்தாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதம்கூடக் கிழியாமல் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் அதை எடுத்துக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்மேனை மட்டும் பிளானில் சேர்க்க முடியவில்லை.

"மாமா, உங்க நம்பரையும் இதுல போட்டுடலாம். உங்களுக்குத் தொல்லை இல்ல" என்றேன்.

"வேணாம் மாப்ள. என் நம்பர் என் பேர்லயே இருக்கட்டும்."

"நெட்டும் சேர்ந்து வரும் மாமா."

"பட்டன் போனுக்கு நெட்டு எதுக்கு? கொசு வராம இருக்கவா?"

மகள் மறுபடி சிரித்தாள். வீட்டுக்குள் என் கண்ணுக்குத் தெரியாத எண் என்று இருந்தது அது ஒன்றுதான். அந்தப் போனில்தான் என் மனைவி தன் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஆனால் சிக்னல் கோளாறு ஆளைப் பார்த்து வருவதில்லை. அவருக்கும் பேச்சு பாதியில் அறுந்தது. கம்பெனிக்கு போன் போட்டுக் கத்தினார். கத்தியது என் பிரிவுக்குத்தான் வந்து சேர்ந்தது. பட்டியலில் அந்த எண்ணைப் பார்த்ததும் நானே எடுத்துக்கொண்டேன். பக்கத்து இருக்கைப் பெண்ணிடம், "இது கஷ்டமான ஆள், நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவள் நன்றி சொன்னாள்.

அவர் என்னைக் கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. வேலையில் நான் பேசும் குரல் வேறு. சிரித்துக்கொண்டே பேசு, சிரிப்பு குரலில் கேட்கும் என்பது எங்கள் பயிற்சி. வீட்டில் அவர் முன்னால் நான் 'ம்', 'சரி மாமா' என்பதற்கு மேல் பேசியதில்லை. மற்றபடி அவர் கேட்டிருக்கக்கூடிய என் குரல், மூடிய அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"வணக்கம் சார், கம்பெனியிலேர்ந்து பேசறேன். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்தறோம்."

"வருந்தறது இருக்கட்டும் தம்பி, லைனைச் சரி பண்ணு. எம் பொண்ணு கடல் தாண்டி இருக்கா. பேசிட்டே இருக்கும்போது கட்டாவுது."

அவரை முதலில் சோபாவிலிருந்து எழுப்பினேன். எனக்கு அன்று வேண்டியது அவ்வளவுதான், என் கூடம் எனக்கு வேண்டும். பால்கனிக்கு வரச் சொன்னேன். வந்தார். "இப்போ நல்லா கேக்குது தம்பி" என்றார். மறுநாள் மாடிப்படிக்கு. அப்புறம் மொட்டைமாடிக்கு. சொன்ன இடத்தில் போய் நின்று, "தண்ணி டேங்க் பக்கம் வந்துட்டேன் தம்பி, கெழக்கப் பாத்து நிக்கறேன்" என்று ஒழுங்காக அறிக்கை கொடுப்பார். ஆலையில் இருந்தவர் அல்லவா, மேலிடத்துக்குக் கட்டுப்படத் தெரியும்.

நீங்கள் நேற்று ஒன்று கேட்டீர்கள். பதிவுகளில் அவருடைய குரல் ஓர் இடத்தில்கூட உடையவில்லை, என்னுடைய குரல் மட்டும் ஏன் விட்டு விட்டு வருகிறது என்று. நல்ல கேள்வி. எங்கள் ஹெட்செட் வயரில் ஒரு சின்னப் பட்டன் உண்டு. இருமல் வந்தால் அமுக்கிக்கொள்வதற்கு. அதை அமுக்கினால் நம் குரல் எதிர்முனைக்குப் போகாது. அவர் நான் நினைத்த இடத்தில் நிற்காதபோது அதை அமுக்கி அமுக்கி விடுவேன். ச… ர்… கொஞ்… ன்னால… அவர் ஓர் அடி எடுத்து வைத்தால் விரலை எடுத்துவிடுவேன். உடனே முகம் மலர்வது குரலில் தெரியும். "ஆ, இப்போ கிளியர்!" மொட்டைமாடி முழுக்க ஒரே மாதிரிதான் சிக்னல் மேடம். எங்கே நின்றாலும் கேட்கும். அவருக்கு மட்டும் நான் விரலை எடுக்கும் இடத்தில் கேட்டது.

எல்லா அழைப்பும் பதிவாகிறது என்பது எனக்குத் தெரியாதா என்று உங்கள் உதவி அதிகாரி கேட்டார். தெரியும். ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும் நானே அதைச் சொல்கிறேன். என் பதிவுகளைப் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுவார்கள். பதிவாகிறது என்பது எனக்குப் பயமாக இருந்ததே இல்லை. என் குரலில் எங்காவது கோபம் இருக்கிறதா, மறுபடி கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் ஒரு வேடிக்கை ஆரம்பித்தது. சாப்பிட உட்கார்ந்தால் ஃபோர்மேன் அந்தக் கம்பெனித் தம்பியைப் பற்றியே பேசுவார்.

"என்னா மரியாதை, என்னா பொறுமை! பெத்தவங்க வளர்த்த வளர்ப்பு அது. நீயும் அதே கம்பெனிதான மாப்ள? அவன்கிட்ட போய் ரெண்டு நாள் பக்கத்துல உக்காந்து கத்துக்கயேன்."

"சரி மாமா" என்றேன்.

"கல்யாணம் ஆயிருக்கான்னு தெரியல. கட்டிக்கிறவ குடுத்து வெச்சவ."

என் மனைவி குழம்புக் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு லேசாக நெளிந்தது. அன்றைக்கு அவளிடம் அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருந்தது.

இத்தோடு நின்றிருக்கும். உண்மையாகச் சொல்கிறேன், அவரைக் கூடத்தை விட்டு வெளியேற்றியதோடு என் வேலை முடிந்தது. அதற்குப் பிறகும் அழைத்தது, அவர் கேட்டுக்கொண்டதால். "அப்பப்போ ஒரு போன் போட்டு லைன் பாரு தம்பி" என்பார். ஒவ்வொரு முறையும் ஐந்து மதிப்பெண். பட்டன் போனில் செய்தி அனுப்பத் தெரியாதவர், என் மகளிடம் கொடுத்து அனுப்பச் சொல்வாராம்.

ஒருநாள் அவராகவே சொன்னார்.

"தம்பி, இந்த வாரம் மட்டும் லைன் கட்டாகாமப் பாத்துக்கோ. உனக்குப் புண்ணியமாப் போவும். சின்னப் பொண்ணையும் பேத்தியையும் பெரியவகிட்ட அனுப்பப் போறேன். பேப்பர் எல்லாம் ஆயிடுச்சு. நாளைக்கு மதியம் பெரியவ கூப்பிடுவா, சின்னவளும் துணி காயப்போடற சாக்குல மேல வந்துடுவா. பேசி முடிச்சா மறுநாளே கெளம்பிடுவாங்க."

"நல்ல விஷயம் சார். வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷமா இருக்குமே" என்றேன்.

"வீட்டுல அந்தாளுக்குத் தெரியாது."

ஓர் ஊழியர் வாடிக்கையாளரின் சொந்த விஷயத்தைக் கேட்கக்கூடாது. அந்த விதியை நான் மீறிய இடம் அது ஒன்றுதான். "அவர் ரொம்ப மோசமா சார்?" என்று கேட்டேன்.

தண்ணி டேங்கை அவர் விரலால் தட்டும் சத்தம் கேட்டது.

"எப்படிச் சொல்றது தம்பி. அவன் செருப்புச் சத்தம் படியில கேட்டா எம் பொண்ணு மூச்சு விடறது மாறுது. ஆலையில பெல்ட்டு அறுந்துபோறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டுட்டு எப்படிச் சும்மா இருக்கறது?"

"புரியுது சார்" என்றேன். "நாளைக்கு உங்க பொண்ணு கூப்பிடறதுக்கு முன்னாடி நானே ஒரு தடவை லைன் செக் பண்ணிக் குடுக்கறேன்."

"நல்லா இருப்ப தம்பி" என்றார்.

அன்று வீட்டுக்குப் போனேன். என்னை நானே சோதித்துப் பார்த்தேன்; கோபம் வரவில்லை. சாப்பிட்டேன். மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். மனைவியிடம் ஒரு வார்த்தை உரக்கப் பேசவில்லை. குடும்பம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பவன் எவனும் அப்படித்தான் இருப்பான். ஃபோர்மேன் தன் சட்டையை மகள் தேய்த்துத் தரவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். அதுவும் நடிப்பு என்று அப்போது எனக்குத் தெரிந்தது. நன்றாகத்தான் நடித்தார்.

எங்கள் மொட்டைமாடியை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். மூன்று பக்கம் இடுப்பு உயரச் சுவர். பின்பக்கம் மட்டும் வீட்டுக்காரர் அறை எடுப்பதாகச் சொல்லிப் பழைய சுவரை இடித்து, முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கியதோடு விட்டுவிட்டார். அதிலிருந்து தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. குழந்தை அங்கே போகக்கூடாது என்று வீட்டில் முதலில் சொன்னவன் நான்தான்.

மதியம் அழைத்தேன். அலுவலகத்தில் பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். பதிவு உங்களிடம் இருக்கிறது. இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும் என்கிறீர்கள்.

"வணக்கம் சார். எங்க நிக்கறீங்க?"

"வழக்கமான எடம்தான் தம்பி. டேங்க் பக்கம்."

பட்டனை அமுக்கினேன். விட்டேன். "சரியா… கேக்க… சார். பின்பக்க… கொஞ்…"

"பின்பக்கமா? வந்துட்டேன். இப்போ?"

"இன்னும் கொஞ்சம் முன்னால வாங்க சார்."

"செவுரு கிட்ட வந்துட்டேன் தம்பி. இங்க செவுரு பாதிதான் இருக்கு."

"உயரமா நின்னா… நல்லா…"

"மேல ஏறவா? இருக்கட்டும், எம் பொண்ணு போன் கட்டாவக் கூடாது." மூச்சு வாங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார், கல்லில் வெறுங்கால் உரசும் சத்தம் கேட்டது. "ஏறிட்டேன். வெயில்ல கண்ணு கூசுது. இப்போ கேக்குதா?"

"அருமையா கேக்குது சார்" என்றேன். அப்போது எனக்கு அவர் மேல் ஓர் அக்கறை வந்தது. அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். "சார், பக்கத்துல கம்பி நீட்டிட்டு இருக்கும், அதைப் பிடிச்சுக்கங்க."

அதுதான் நான் செய்த தவறு. வேறு எந்த வாடிக்கையாளரிடமும் அப்படி ஒன்றைச் சொல்லியிருக்க மாட்டேன்.

காது மந்தமானவர்தான், மந்தம் காதில் மட்டும்தான்.

"இங்க கம்பி இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

நான் பட்டனை அமுக்கவில்லை.

"மாப்ளயா?" என்றார். முதல்முறையாக மெதுவாகப் பேசினார். பிறகு குரல் போனை விட்டு விலகியது, படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார். "அம்மாடி! மேல வராத, குழந்தையக் கூட்டிட்டு இப்பவே…"

அவர் திரும்பியதால்தான் விழுந்தார். பதிவைக் கேட்டால் உங்களுக்கே தெரியும். நான் அவரை முன்னால் வரச் சொன்னேனே தவிர, திரும்பச் சொல்லவில்லை.

போன் மாடியிலேயே விழுந்திருக்கிறது. லைன் அறுபடவில்லை. அந்த வீட்டில் அவ்வளவு தெளிவான லைன் நான் கண்டதில்லை. கொடிக்கயிற்றில் துணி அடித்துக்கொள்ளும் சத்தம்கூடக் கேட்டது. எதிர்முனை பதில் சொல்லாவிட்டால் கொஞ்சம் காத்திருந்து மறுபடி கேட்க வேண்டும் என்பது எங்கள் விதி. "சார், லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டேன். மறுபடியும் கேட்டேன். ஈர வாளி தரையில் உருளும் சத்தம் வந்தது. என் மனைவி அலறினாள். வெகுநேரம் கழித்துப் போனை எடுத்தாள். "ஹலோ" என்று சொல்லாமல் மூச்சு மட்டும் விட்டாள். அவளுக்கு என் குரல் எல்லாமே தெரியும். ஆனாலும் விதி விதிதான்.

"வேறு ஏதாவது உதவி தேவையா மேடம்?" என்றேன்.

அவள் வைத்துவிட்டாள்.

அவளும் குழந்தையும் நேற்றே புறப்பட்டுவிட்டதாக உங்கள் உதவி அதிகாரி சொன்னார். அக்காவிடம், சிக்னல் மாறும் நாட்டுக்குப் போகிறார்கள், என் பிளான் அங்கே வேலை செய்யாது. போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை எனக்குச் சொல்லச் சொல்லுங்கள், கவலையாக இருக்கிறது.

ஆம், நான்தான் அவரை அங்கே ஏற்றினேன். ஏறினால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் ஏற்றினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவருடைய பட்டன் போன் உங்கள் வசம் இருக்கிறது. அந்த அழைப்பு முடிந்ததும் மதிப்பெண் கேட்டு அதற்கு ஒரு செய்தி வந்திருக்கும், யாரும் பதில் அனுப்பவில்லை. பதில் வராத அழைப்பு என் சராசரியைக் கெடுக்கும். அவர் இருந்திருந்தால் ஐந்துதான் கொடுத்திருப்பார்.